தப்பான வருஷங்கள்

அந்த ஸ்டூல் வேண்டாம் மிஸ், ஒரு கால் ஆடும். இந்தப் பெட்டி மேல உக்காருங்க. உள்ள செப்புக் கம்பிதான், உடையறதுக்கு ஒண்ணுமில்ல. ஃபேனா? அதோ தொங்குதே, ஆனா ஓடாது. ஊர்ல இருக்கற ஃபேனுக்கெல்லாம் நாங்கதான் காயில் சுத்திக் கொடுக்கறோம், எங்க வீட்டு ஃபேன் மட்டும் எரிஞ்சு போய் அப்படியே கெடக்குது. சிரிக்கலாம் மிஸ், பரவால்ல. இந்த வீட்ல சிரிக்கறதுக்குன்னு இருக்கறதே அது ஒண்ணுதான்.

நான் சுத்திக்கிட்டே பேசறேன், தப்பா நினைக்காதீங்க. கீழ கடையில அப்பா இதுக்காக உக்காந்திருக்கார். முன்னாடி நானும் கீழதான் சுத்துவேன். இப்போ மெஷினை மேல தூக்கிக்கிட்டு வந்துட்டேன். அதுக்குக் காரணம் இருக்கு, சொல்றேன். உங்களுக்கு வேணுங்கறதும் காரணம்தானே? நல்லா படிச்ச பொண்ணு, அடுத்த மாசம் கடைசிப் பரீட்சைய வச்சுக்கிட்டு ஏன் நின்னுட்டா. எழுதி பாஸ் பண்ணா இந்த ஊரை விட்டே போயிடலாம், ஹாஸ்டல், காலேஜ், எல்லாம் இருக்கு. தெரியும் மிஸ். அதைப் பத்தி நீங்க எனக்குச் சொல்ல வேண்டியதே இல்ல. அந்த ஹாஸ்டல்ல ஜன்னல் எந்தப் பக்கம்னு வரைக்கும் யோசிச்சு வச்சிருந்தவ நான்.

நம்ம பாடத்துல எதுக்கும் காரணம் ரெண்டு வகை இல்லையா? உடனடிக் காரணம், அடிப்படைக் காரணம். ரெண்டையும் பிரிச்சு எழுதலன்னா பாதி மார்க். இப்போ முதல் உலகப் போரையே எடுத்துக்கோங்க, அது 1915ல ஆரம்பிச்சதுன்னா...

ஐயோ, நீங்க சொல்லாதீங்க மிஸ்! தெரியும், பதினாலு. கொஞ்சம் பொறுங்க. ... ம். சரி, விடுங்க. அது உங்களுக்காகச் சொன்னதில்ல. நான் நடுவுல ஏதாவது தப்பா சொன்னா கண்டுக்காதீங்க, அவ்வளவுதான். வரலாறு டீச்சரா இருந்துக்கிட்டு அது கஷ்டம்தான். பல்லைக் கடிச்சுக்கோங்க.

உங்களை மிஸ்னே கூப்பிடறேனே? ஏன்னா எனக்கு டீச்சர்னா ஒருத்தங்கதான். உங்களுக்கு முன்னாடி உங்க நாற்காலில இருந்தவங்க. பழக்கம் மட்டுமில்ல, பேசும்போது ஆளு மாறிடக் கூடாது பாருங்க. இவ இவ்வளவு நுணுக்கமா பேசறாளேன்னு பாக்கறீங்க. அவங்ககிட்ட படிச்சவ வேற எப்படிப் பேசுவா?

அவங்க வர்றதுக்கு முன்னாடி எனக்கு ஸ்கூல்ல பேரு வராண்டா. ஏன்னா நான் வகுப்புல இருந்ததை விட வெளில நின்னதுதான் அதிகம். சண்டை, எதிர்ப்பேச்சு, ஒருத்தி எங்க அம்மாவைப் பத்தி என்னவோ கேட்டதுக்கு அவ பல்லுல ஒண்ணு. எங்க அம்மா செத்துப்போகல மிஸ், கிளம்பிப் போயிட்டாங்க. நான் அப்போ சின்னப் பொண்ணு. ஏன் போனாங்கன்னு யாருக்கும் தெரியாது, அதனால எல்லாரும் எங்கிட்டயே கேப்பாங்க. கேட்டா அறைவேன். அறைஞ்சா வராண்டா. வாழ்க்கை ஒரு ஒழுங்காத்தான் போய்க்கிட்டிருந்தது.

டீச்சர் முதல் நாள் வந்தாங்க. என்னை வெளில நிறுத்தினது அவங்க இல்ல, அதுக்கு முந்தின பீரியட்ல கணக்கு சார். நான் அப்படியே நின்னுட்டேன், உள்ள போகணும்னு தோணவே இல்ல. அவங்க கதவை நல்லா திறந்து வச்சுட்டு பாடம் எடுத்தாங்க. நடுவுல ஒரு கேள்வி. உள்ள யாருக்கும் வரல. வராண்டாவுல நிக்கறவங்களுக்கும் கேள்வி உண்டுன்னாங்க, என்னைப் பாக்காமலே. நான் பதில் சொன்னேன். சரியான பதில்தான். ஆனா வருஷத்தை மாத்திச் சொல்லிட்டேன். பாதி சரி, மீதிய உள்ள வந்து உக்காந்து யோசின்னாங்க. அவ்வளவுதான் மிஸ். என்னை உள்ள கூப்பிட்ட ஒரே ஆள் அவங்க. அதுவும் நான் செஞ்ச தப்பைச் சொல்லிக் கூப்பிட்டாங்க.

ஆமா, ஊக்கம் கொடுப்பாங்கதான். ஸ்டாஃப் ரூம்ல அப்படித்தான் சொன்னாங்களா? அதுல ஒரு சங்கதி இருக்கு மிஸ், உங்களுக்கு உபயோகப்படும், கேட்டுக்கோங்க. நல்லா எழுதினா பேப்பர்ல ஒரு டிக். மோசமா எழுதினா சாயங்காலம் பக்கத்துல உக்கார வச்சு, ஏன் இப்படி, என்ன மனசுல, எங்க தடுக்குதுன்னு ஒரு மணி நேரம் பேசுவாங்க. நான் முட்டாள் இல்லையே! டிக் வேணுமா, ஒரு மணி நேரம் வேணுமா? ஃபெயில் ஆனேன். அதுவும் எப்படி, பாத்துப் பாத்து ஃபெயில் ஆவேன். எல்லாம் தெரிஞ்சவதான் அப்படி அளவா ஃபெயில் ஆக முடியும். பாஸ் மார்க்குக்கு ஒரு இழை கீழ. அப்போதானே நம்பிக்கை விடமாட்டாங்க.

ஒரு வாரம் ஸ்கூலுக்கே போகல. வீட்டுக்கே வந்துட்டாங்க! இதே பெட்டி மேலதான் உக்காந்தாங்க. ஏன் மிஸ் எந்திரிக்கறீங்க, உக்காருங்க. பெட்டி என்ன பண்ணுச்சு.

அன்னிக்கு அப்பா கீழேர்ந்து மேல வந்தார். எங்கப்பாவை வரும்போது பாத்திருப்பீங்க. பாத்தீங்களா? நல்ல மனுஷன்னு தோணிச்சா? தோணும். எல்லாருக்கும் தோணும். ஒரு மோட்டார் எரிஞ்சு வந்தா காதை வச்சுக் கேட்டே எங்க கோளாறுன்னு சொல்லிடுவார். மனுஷங்களையும் அப்படித்தான் கேப்பார், தலைய ஒரு பக்கமா சாய்ச்சுக்கிட்டு. டீச்சர் என் படிப்பைப் பத்திப் பேசினாங்க. முழுசும் கேட்டுட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஸ்கூல்லேர்ந்து நேரா வர்றீங்களே, ஏதாவது சாப்பிட்டீங்களான்னு.

டீச்சருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எனக்கு அப்போ விளங்கல. அவங்க தனியா ஒரு ரூம் எடுத்துக்கிட்டு இருந்தாங்க, அந்த ரூம்ல அவங்களை எதுவும் கேக்கறதுக்கு ஒரு ஆள் கிடையாது. ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் என்ன ஆச்சு என்ன ஆச்சுன்னு கேட்டவங்களை யாரும் ஒண்ணும் கேட்டதில்ல. அது எங்கப்பா காதுக்கு உடனே கேட்டுடுச்சு.

அப்புறம் நான் ஃபெயில் ஆக ஆக அவங்க வந்தாங்க. அவங்க வர வர நான் ஃபெயில் ஆனேன். எனக்காக வர்றாங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன் மிஸ். முதல்ல எனக்காகத்தான் வந்தாங்க, அதுல சந்தேகமில்ல. எப்போ மாறிச்சுன்னு வருஷம், தேதி எதுவும் எங்கிட்ட இல்ல. ஒரு நாள் அப்பாவும் அவங்களும் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்தாங்க. பெரிய ஒப்பந்தம் போடும்போது சின்ன நாட்டை யார் கேப்பா?

சந்தோஷமாத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. டீச்சரே வீட்டுக்கு வந்துட்டாங்களே, இனிமே ஃபெயில் ஆக வேண்டிய அவசியமே இல்லையேன்னு! இனிமே சித்தின்னு கூப்பிடுன்னு அப்பா சொன்னார். எனக்கு வாய் வரல. டீச்சரும் வீட்ல டீச்சர்னு கூப்பிடாதேன்னாங்க. நான் எப்படியும் கூப்பிடாம இருக்கறதுன்னு முடிவு பண்ணேன். ஒரே வீட்ல ஒருத்தரை எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிடாம இருந்து பாருங்க. தண்ணி வேணும்னா கூட சுவத்தைப் பாத்துத்தான் கேக்கணும்.

அடிப்பாரான்னு கேக்கறீங்களா? சேச்சே. அப்பா கைய நீட்டினதே கிடையாது. அடிச்சா காயம் இருக்கும், காயம் இருந்தா யார்கிட்டயாவது காட்டலாம். அவர் பேச மாட்டார், அவ்வளவுதான். குழம்புல உப்பு ஒரு கல்லு கூடினா அன்னியிலேர்ந்து பேச்சு நின்னுடும். எத்தனை நாளைக்குன்னு அவருக்குத்தான் தெரியும். கேள்வி கேட்டே ஒருத்தங்க மனசுக்குள்ள போனவர், கேக்கறதை நிறுத்திட்டார்னா அவங்க என்ன ஆவாங்க? எங்கம்மா ஏன் போனாங்கன்னு எனக்கு அப்போதான் புரிஞ்சுது. டீச்சருக்கும் புரிஞ்சிருக்கும். ஆனா அவங்க அதை வாய் விட்டுச் சொன்னதில்ல.

வேலைய ஏன் விட்டாங்கன்னா, அதுதான் எங்கப்பாவோட கைவேலை. ஊர்ப் பிள்ளைங்களுக்கு எல்லாம் சொல்லிக் கொடுக்கறே, வீட்ல இருக்கறது ஃபெயிலா நிக்குதுன்னு ஒரு தடவை சொன்னார். ஒரே தடவை, சாப்பிட்டுக் கை கழுவும்போது. அடுத்த பரீட்சைக்கு நான் பேய் மாதிரி படிச்சேன். வகுப்புல முதல். நீங்க ரெஜிஸ்டர்ல பாத்தது அந்த மார்க்தான். இந்த மார்க்கை வச்சு அவரை மடக்கிடலாம்னு நினைச்சேன் மிஸ். கொண்டுபோய் நீட்டினா, பாத்தியா, நீ கொஞ்சம் வீட்டோட இருந்து கவனிச்சதுக்கே இவ்வளவு, முழுசா இருந்தா எங்கயோ போயிடுவாள்னு டீச்சர்கிட்ட சொன்னார். சிரிச்சுக்கிட்டே. ஃபெயிலானாலும் அவங்க வேலை போகும், பாஸானாலும் போகும். எல்லாப் பக்கமும் அடைச்ச கேள்வித்தாள் அது. டீச்சர் என்னைப் பாத்தாங்க. அன்னிக்கு அவங்க முகத்துல இருந்தது என்னன்னு நான் இன்னும் யோசிக்கறேன். கோபம்னு சொல்லலாம். என் மேலயா, அவர் மேலயான்னு தெரியல. மறுநாள் ராஜினாமா.

அதுக்கப்புறம் வீட்ல எனக்கு ஒரு மணி நேரம் இல்ல, நாள் பூராவும் கிடைச்சுது. ஆனா டீச்சர் இல்ல. ஜன்னல்கிட்ட ஒருத்தங்க உக்காந்திருந்தாங்க. நான் புத்தகத்தைத் திறந்து வச்சா பாப்பாங்க, மூடினாலும் பாப்பாங்க. எனக்குக் கோவம் கோவமா வரும் மிஸ். ஏமாத்திட்டாங்கன்னு தோணும். எங்கிட்ட மட்டும் அத்தனை சொல்லிட்டு, போராடு, விட்டுக் கொடுக்காதேன்னு, தனக்குன்னு வந்தப்போ ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. அப்படியும் அவங்க சாப்பிடாம எந்திரிச்சுப் போனா என் சோறும் இறங்காது.

இப்போ எங்கயா? மெதுவா திரும்பிப் பாருங்க. உங்களுக்குப் பின்னாடி, அந்தக் கதவு. பாதி திறந்திருக்கு இல்லையா, அதை முழுசா மூட முடியாது, தாழ்ப்பாளைக் கழட்டிட்டேன். கட்டில்ல கால் மட்டும் தெரியுதா? அவங்கதான். உள்ள போய்ப் பேசணுமா? வேண்டாம் மிஸ். போன வாரம் பழைய ஸ்டூடண்ட் ஒருத்தி வந்து கட்டில்கிட்ட நின்னுக்கிட்டு அழுதா. இவங்க சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

கேக்கும், நாம பேசறது எல்லாம் கேக்கும். கேக்கட்டும்னுதான் பேசறேன்.

தாழ்ப்பாளா? நான் ஒரு நாள் ஸ்கூல் விட்டு வந்தேன், உள்ள பூட்டியிருந்தது. கூப்பிட்டேன், பதிலில்ல. ஜன்னல் கண்ணாடிய உடைச்சுக்கிட்டு உள்ள போனேன். நேரத்துக்குப் போயிட்டேன், அதுக்கு மேல கேக்காதீங்க. ஆஸ்பத்திரில அவங்க கண்ணைத் திறந்து முதல்ல என்ன கேட்டாங்க தெரியுமா? அரையாண்டுப் பரீட்சை எப்படி எழுதினேன்னு. நான் அன்னிக்குப் பரீட்சை முடிச்சுட்டு வந்திருந்தேன் மிஸ். அடுத்த நாளைக்கு எழுதப் போகல. அப்பா அக்கம்பக்கத்துல பந்து பட்டு கண்ணாடி உடைஞ்சிருச்சுன்னு சொல்லி வச்சிருக்கார். ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தார், பாவம், டாக்டர் பேசினதைத் தலைய சாய்ச்சுக் கேட்டார். டாக்டரம்மாவுக்கு அவரை ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

அப்போ இது உடனடிக் காரணம். நான் ஸ்கூலுக்கு வந்தா இங்க இந்தக் கதவைப் பாக்க ஆள் இல்ல. ஒரு நர்ஸ் வைக்கலாம், சொந்தக்காரங்களைக் கூப்பிடலாம், எல்லாம் யோசிச்சாச்சு. அவங்களுக்குன்னு யாருமில்ல. அதனாலதானே எங்கப்பா ஒரு கேள்வியில ஜெயிச்சார்.

அந்த 1915ஆ? ஆமா, அதைச் சொல்லணும். டாக்டர் பேசிக்கிட்டே இருங்கன்னு சொன்னாங்க, ஏதாவது ஒண்ணுல இழுத்துப் பிடிங்கன்னு. எனக்கு ஆறுதல் சொல்ல வராது. நீங்க நல்லாயிடுவீங்க, தைரியமா இருங்க, இதெல்லாம் சொன்னா எனக்கே சிரிப்பு வந்துடும். ஒரு நாள் சும்மா படிச்சுக்கிட்டிருந்தேன், வாய் தவறி ஒரு வருஷத்தைத் தப்பா படிச்சுட்டேன். உள்ளேர்ந்து குரல் வந்தது. திருத்தினாங்க! அப்படி ஒரு கறாரான குரல், வகுப்புல கேக்கற அதே குரல். சாவறதுக்குத் துணிஞ்சவங்க, ஆனா ஒரு தப்பான வருஷத்தோட செத்துப்போக அவங்களால முடியல. அவ்வளவுதான், பிடிச்சுக்கிட்டேன்.

அப்புறம் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பொய்யா அவிழ்த்து விடுவேன். உலகத்தையே மாத்திப் போட்டேன் மிஸ். தோத்தவனை எல்லாம் ஜெயிக்க வச்சேன், கப்பலை மலை மேல ஏத்தினேன். அச்சுக்கு அப்புறம்தான் காகிதம் வந்துச்சா, முன்னாடியா, இப்படி எல்லாம் கேப்பேன். உள்ளேர்ந்து ஒவ்வொண்ணா திருத்தம் வரும். ஒரு தடவை எந்திரிச்சு வாசப்படி வரைக்கும் வந்துட்டாங்க, உனக்கு நிஜமாவே தெரியாதா, இல்ல வேணும்னே என்னை வம்புக்கு இழுக்கறியான்னு. வம்புக்குத்தான் டீச்சர்னேன். பல நாளைக்கப்புறம் வாய் நிறைய டீச்சர்னு கூப்பிட்டேன். அவங்க வேண்டாம்னு சொல்லல. அன்னிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

நல்ல வழிதான் மிஸ். நீங்க கண்ணைத் துடைச்சுக்க வேண்டாம், கதை இன்னும் முடியல.

பிரெஞ்சுப் புரட்சி நடந்தது 1798ல! ... 1798ல நடந்துச்சு மிஸ், பிரெஞ்சுப் புரட்சி!

ம். பாத்தீங்களா, ஒண்ணுமில்ல. கால் கூட அசையல. உங்களுக்குத்தான் உதடு துடிக்குது. கொஞ்ச நாளாவே இப்படித்தான். தப்புகளைப் பெருசு பண்ணிப் பாத்தேன். சின்னப் பிள்ளைக்குத் தெரிஞ்சதை எல்லாம் தப்பா சொல்லிப் பாத்தேன். கீழ அப்பா கேட்டுட்டு, இவளுக்கு இதுகூடத் தெரியல, இதுல காலேஜ் வேறயான்னு வேலையாள்கிட்ட சொல்லிச் சிரிச்சாராம்.

ஒரு விஷயம் மெதுவா சொல்றேன், கிட்ட வாங்க. இது மட்டும் உள்ள கேக்க வேண்டாம்.

முந்தாநாள் எனக்கு ஒண்ணு தோணிச்சு. வருஷத்துக்கு எல்லாம் அசையாதவங்க, இதுவரைக்கும் நான் சொன்னதுலயே பெரிய தப்பைச் சொன்னா அசைவாங்கன்னு. ஸ்கூல்ல என்னால முடியாதுன்னு நான் வாயைத் திறந்தாலே போதும், சொல்லி முடிக்க விட மாட்டாங்க. தகவல் பிழை, அடிச்சுட்டு மறுபடி எழுதும்பாங்க. ஒரு சிரிப்புகூட இருக்காது முகத்துல, உலகப் போர் தேதிய திருத்தற மாதிரியேதான் திருத்துவாங்க. அதனாலதான் நான் நம்பினேன். பாராட்டினா நம்பியிருக்க மாட்டேன். அவங்க அதைத் தகவல்னு சொன்னாங்க மிஸ்.

அதனால கட்டில்கிட்டயே போய் உக்காந்தேன். டீச்சர், நான் யோசிச்சுப் பாத்துட்டேன், பரீட்சை எல்லாம் எனக்குச் சரிப்படாது, நான் எதுக்கும் லாயக்கில்லாதவ, என்னால முடியாதுன்னு சொன்னேன். வேணும்னேதான் சொன்னேன், திருத்தணும்னுதான். அவங்க திரும்பி என்னைப் பாத்தாங்க. நல்லா, நேரா பாத்தாங்க. அப்படி அவங்க பாத்து எவ்வளவோ நாளாச்சு.

ஆமாம்மா, உன்னால முடியாதுன்னாங்க.

இல்ல மிஸ், மருந்து மயக்கம் எல்லாம் இல்ல. தெளிவாத்தான் இருந்தாங்க.

வேண்டாம், நீங்க சொல்லாதீங்க. நீங்க நல்லவங்க, அதனால சொல்வீங்க. உங்களுக்கு என்னை இன்னிக்குத்தான் தெரியும். அவங்களுக்குத் தெரியும். இத்தனை வருஷத்துல டீச்சர் எதையும் தப்பா திருத்தி நான் பாத்ததில்ல.